குடை வேண்டாம், அவசரமும் வேண்டாம்: அயர்லாந்துக்கு முதல் குடும்பப் பயணம்

கத்திரி வெயில் நெருங்கும்போது, 'மழை பெய்யற ஊரா பார்த்துப் போகலாமா?' என்று வீட்டில் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்கள். பெரும்பாலான வருடங்களில் ஊட்டி, வால்பாறை, மூணாறு என்று அந்தப் பேச்சு முடிந்துவிடும். பல வருடம் சேமித்து, எல்லோருக்கும் பாஸ்போர்ட் எடுத்து, 'இந்த முறை வெளிநாடுதான்' என்று முடிவு செய்துவிட்ட குடும்பங்களுக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. அதுதான் அயர்லாந்து.

ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், அட்லான்டிக் கடலில் கிடக்கும் தீவு. எங்கு பார்த்தாலும் புல்வெளி, கல் வேலி, மேயும் ஆடு மாடு, ஏரி, நினைத்த நேரத்தில் தூறல். வருடம் முழுக்க உறைந்து நிற்கும் பனிச்சிகரமோ, ஈஃபிள் போல ஒரு கோபுரமோ அங்கே கிடையாது. பார்க்க வேண்டியது அந்த நாட்டுப்புறத்தைத்தான்.

இங்கேதான் கவனம் தேவை. இப்படி ஒரு பயணம் பல குடும்பங்களுக்கு ஒரே ஒரு முறைதான் வாய்க்கும். பெரியவனுக்கு அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. பாட்டியின் முழங்கால் இன்னும் எத்தனை வருடம் ஒத்துழைக்கும் என்று சொல்ல முடியாது. கையில் இருப்பதோ பல வருடச் சேமிப்பு. அதை '10 நாளில் 12 ஊர்' என்று செலவழித்தால், நனைந்த பஸ் கண்ணாடி வழியாகத்தான் அயர்லாந்தைப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். மழை ஊருக்குப் போகிறவர்கள் திட்டம் போடும் முறையே வேறு. ஊர்களைக் குறைத்து, நாட்களைக் கூட்ட வேண்டும்.

அது எப்படிப்பட்ட மழை?

மேற்கு அயர்லாந்தின் பெரும்பகுதியில் வருடத்துக்கு 1,000 முதல் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மலைப் பகுதிகளில் 2,000-ஐயும் தாண்டும். சென்னையின் வருட மழையும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர்தான். நமக்கு அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அங்கே அதே அளவு மழை, மேற்கின் சில இடங்களில் வருடத்தில் 225 நாட்கள் வரை பரவிப் பெய்கிறது.

அதாவது, பெரும்பாலும் அடித்து நொறுக்கும் மழை இல்லை. கால் மணி நேரம் தூறும், நிற்கும், வெயில் எட்டிப் பார்க்கும், வானவில் வரும், மறுபடி தூறும். அட்லான்டிக்கில் இருந்து வீசும் ஈரக் காற்று மேற்குக் கரை மலைகளில் மோதுவதுதான் இதற்குக் காரணம். அதே கடல் வெதுவெதுப்பையும் கொண்டுவருவதால் குளிர்காலத்திலும் கடுமையான உறைபனி குறைவு. வருடத்தின் பெரும்பகுதி புல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. நாம் பார்க்கப்போகும் பச்சைக்கு இதுதான் காரணம்.

எப்போது போகலாம்?

நம் பள்ளி விடுமுறைக்கு அருமையாகப் பொருந்துகிற மாதம் மே. அயர்லாந்தில் சூரியன் அதிக நேரம் காயும் மாதங்கள் மே, ஜூன்தான். அந்த நாட்டுப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை இன்னும் தொடங்கியிருக்காது என்பதால், ஜூலை, ஆகஸ்ட் அளவுக்கு அறைகளுக்குப் போட்டியும் இருக்காது. மே முதல் திங்களும் ஜூன் முதல் திங்களும் அங்கே பொது விடுமுறை. அந்த இரண்டு வார இறுதிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மே மாதப் பகலில் 12 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை எதிர்பார்க்கலாம். இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும். காலையில் மழை பெய்து வீணானாலும் மாலையில் நாலைந்து மணி நேரம் மிச்சம் கிடைக்கிறது. டிசம்பரில் நான்கே கால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இந்தத் திட்டம் ஒத்துவராது.

ஒரே ஊர், ஏழு இரவு

முதல் முறை போகும் குடும்பத்துக்குத் தென்மேற்கில் உள்ள கெர்ரி மாவட்டத்தின் கில்லார்னி ஊரைச் சொல்லலாம். டப்ளினில் இருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஹூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறினால், பெரும்பாலும் மாலோவில் ஒரு முறை மாறி, மூன்றரை மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம்.

ஊரை ஒட்டியே கில்லார்னி தேசியப் பூங்கா. அயர்லாந்தின் முதல் தேசியப் பூங்கா இதுதான். 1932-ல் ஒரு குடும்பம் நாட்டுக்குக் கொடுத்த மக்ராஸ் பண்ணை நிலத்தில் இருந்து உருவானது. இன்று 10,000 ஹெக்டேருக்கு மேல். உள்ளே போகக் கட்டணம் கிடையாது. மூன்று ஏரிகள், பழைய ஓக் காடு, செம்மான் கூட்டம் எல்லாம் உண்டு. நாட்டின் மிக உயரமான சிகரமான காரன்டூஹில் இந்தப் பக்கத்து மலைகளில்தான் இருக்கிறது. 1,038 மீட்டர்தான், நம் தொட்டபெட்டாவில் பாதிகூட இல்லை.

வந்து இறங்கிய முதல் இரவு டப்ளினில், அடுத்த ஏழு இரவு கில்லார்னியில், கடைசி இரவு மறுபடி டப்ளினில். இதற்கு மேல் ஊர் சேர்க்காதீர்கள். ஒரே இடத்தில் தங்கினால் தினமும் பெட்டி கட்டும் வேலை இல்லை. ஈரத் துணியைக் காயப்போட இடம் இருக்கும். பாட்டிக்கு அசதி என்றால் ஒரு நாள் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

தினமும் இரண்டு பட்டியல்

'திங்கள் இது, செவ்வாய் அது' என்று எழுதிவைப்பது இங்கே பலிக்காது. வெயில் பட்டியல், மழைப் பட்டியல் என இரண்டு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தினமும் காலை அயர்லாந்து வானிலைத் துறையின் செயலியைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற தாளில் இருந்து ஒன்றை எடுங்கள்.

வெயில் பட்டியலில் ராஸ் கோட்டையில் இருந்து படகில் ஏரிச் சவாரி, குதிரை வண்டியில் பூங்காவைச் சுற்றுவது, டன்லோ கணவாய், 179 கிலோமீட்டர் நீளும் 'ரிங் ஆஃப் கெர்ரி' கடலோரச் சாலை, டிங்கிள் தீபகற்பம் ஆகியவற்றைப் போடலாம். மக்ராஸ் பாரம்பரியப் பண்ணையும் இதில்தான் வரும். 1930, 40-களின் கிராம வாழ்க்கையை அப்படியே வைத்திருக்கிறார்கள். கரி அடுப்பில் ரொட்டி சுடுவதையும் கோழி, கன்றுக்குட்டிகளையும் பார்த்ததும் நம் தாத்தா பாட்டிக்குக் கதை சொல்ல நிறைய விஷயம் கிடைக்கும்.

மழைப் பட்டியலில் மக்ராஸ் மாளிகையின் உள்ளறைகள், ராஸ் கோட்டையின் உட்பகுதி, ஊரின் தேநீர்க் கடைகள். டார்க் அருவியையும் இதில் எழுதுங்கள். சாலையில் இருந்து சில நிமிட நடைதான். மழை பெய்த பிறகுதான் அது அழகு.

மாலையில் 'பப்' பக்கம் போகத் தயங்க வேண்டாம். அயர்லாந்துக் கிராமத்தில் பப் என்பது ஊர்த் திண்ணை மாதிரி. சாப்பாடு, டீ, சூப் கிடைக்கும். பிடிலும் புல்லாங்குழலும் வைத்து ஊர்க்காரர்கள் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். உள்ளே புகைபிடிக்க 2004-ல் இருந்து தடை. பெற்றோருடன் வரும் பிள்ளைகள் பொதுவாக இரவு ஒன்பது மணி வரையும், மே முதல் செப்டம்பர் வரை பத்து மணி வரையும் இருக்கலாம்.

படங்களில் பார்த்து மயங்கிய இரண்டு இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 214 மீட்டர் உயரமுள்ள மோஹர் செங்குத்துப் பாறைகள் அற்புதமானவை. ஆனால் கில்லார்னியில் இருந்து போகவர ஐந்தாறு மணி நேரம் ஆகும். மூடுபனி இருந்தால் எதுவும் தெரியாது. வானம் தெளிந்த நாள் கிடைத்தால் மட்டும் போங்கள். கடல் நடுவே இருக்கும் ஸ்கெல்லிக் மைக்கேல் பாறைத் தீவுக்கு அலை அடங்கினால்தான் படகு போகும். போனாலும் கைப்பிடி இல்லாத 600-க்கும் மேற்பட்ட கல் படிகள். சிறு பிள்ளைகளையும் முதியவர்களையும் அழைத்துப் போகும் இடம் அல்ல.

விசா: பிப்ரவரியில் ஆரம்பியுங்கள்

அயர்லாந்து ஐரோப்பிய யூனியனில் இருக்கிறது, ஆனால் ஷெங்கன் ஒப்பந்தத்தில் இல்லை. பிரான்சுக்கோ இத்தாலிக்கோ எடுத்த ஷெங்கன் விசா இங்கே செல்லாது. தனியாக அயர்லாந்து விசா வேண்டும். பிரிட்டன் விசா வைத்திருப்பவர்களுக்குச் சில சலுகைகள் உண்டு. அவற்றின் நிபந்தனைகள் மாறிக்கொண்டிருப்பதால், அயர்லாந்துக் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் படித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். மே பயணத்துக்கு பிப்ரவரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் வர எட்டு வாரம் வரை ஆகலாம் என்று கணக்கிடுவது நல்லது. ஒரு முறை நுழையும் விசாவுக்குக் கட்டணம் 60 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, அலுவலக விடுப்புக் கடிதம், பிள்ளைகளின் பள்ளிக் கடிதம், தங்கும் இடத்தின் முன்பதிவு, பயணக் காப்பீடு எல்லாம் வேண்டும். தமிழில் மட்டும் இருக்கும் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைக்க வேண்டும். பிள்ளைகள் அப்பா அல்லது அம்மா ஒருவருடன் மட்டும் போவதென்றால் மற்றவரின் சம்மதக் கடிதம் அவசியம். விசா கைக்கு வரும் முன் விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். குடியேற்றத் துறையே சொல்லும் அறிவுரை இது. அறைகளையும் 'ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும்' என்ற வகையில் பதிவு செய்யுங்கள்.

சென்னையில் இருந்து துபாய், தோஹா, அபுதாபி வழியாக ஒரே மாற்றத்தில் டப்ளின் சேரலாம். லண்டன் வழியாக என்றால் பிரிட்டனின் டிரான்சிட் விதிகளையும் பார்க்க வேண்டும். இன்னொன்று: தீவின் வட பகுதியான வட அயர்லாந்து, பிரிட்டனைச் சேர்ந்தது. எல்லையில் வேலியும் சோதனைச் சாவடியும் இல்லை என்பதற்காக, அயர்லாந்து விசாவை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடக் கூடாது.

காரா, பஸ்ஸா?

நம்மைப் போலவே அங்கும் இடது பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். செல்லுபடியாகும் இந்திய லைசென்ஸ் வைத்திருக்கும் சுற்றுலாப் பயணி கார் ஓட்டலாம். சில வாடகை நிறுவனங்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கேட்கும் என்பதால், நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதையும் எடுத்துவிடுங்கள். ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும் என்பார்கள். 150 சென்டிமீட்டர் உயரமும் 36 கிலோ எடையும் எட்டாத பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது.

கிராமச் சாலைகள் மிகக் குறுகல். நடுவில் புல் முளைத்த சாலைகளும் உண்டு. எதிரே டிராக்டர் வந்தால் ஒருவர் பின்வாங்கி ஒதுங்க வேண்டும். ஒதுங்கினால், அவர் ஸ்டீயரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்குவார். அதுதான் அந்த ஊர் வணக்கம். நீங்களும் தூக்குங்கள்.

விமானத்தில் இருந்து இறங்கிய அன்றே டப்ளினில் கார் எடுத்து 300 கிலோமீட்டர் ஓட்ட வேண்டாம். ரயிலில் கில்லார்னி போய்ச் சேர்ந்து, தூக்கம் தெளிந்த பிறகு, 15 கிலோமீட்டரில் உள்ள கெர்ரி விமான நிலையத்தில் இரண்டு மூன்று நாளைக்கு மட்டும் எடுத்தால் போதும். ஓட்டப் பயமா? கில்லார்னியில் இருந்தே ரிங் ஆஃப் கெர்ரிக்கும் டிங்கிளுக்கும் ஒரு நாள் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்புகின்றன.

குடைக்குப் பதில் என்ன?

அட்லான்டிக் காற்றில் குடை தலைகீழாக மடங்கும். ஆளுக்கொரு தண்ணீர் புகாத தொப்பி ஜாக்கெட், அதுதான் முதல் செலவு. உள்ளே கம்பளி, அதற்கும் உள்ளே பனியன் என்று அடுக்காகப் போட்டால், வெயில் வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், ராத்திரிக்குள் காயாது. சீக்கிரம் காயும் பேன்ட் நல்லது. ஆளுக்கு இரண்டு ஜோடி ஷூ, நிறைய காலுறை.

பாட்டி புடவைதான் கட்டுவார் என்றால் தாராளமாகக் கட்டட்டும். உள்ளே தெர்மல் லெக்கிங்ஸ், கொசுவத்தை இரண்டு விரற்கடை உயர்த்திக் கட்டு, காலில் பிடிமானமுள்ள ஷூ. புல்லில் ஈர ஓரம் இழுபடாது, வழுக்காது.

பருப்புப் பொடி போகலாம், நெய் போகக் கூடாது

சமையலறையுள்ள வீடாக வாடகைக்கு எடுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மின்சாரம் நம்மைப் போல 230 வோல்ட். பிளக் மட்டும் பிரிட்டன் மாதிரி மூன்று பட்டை முள், அடாப்டர் வேண்டும். இண்டக்ஷன் அடுப்பு இருந்தால் அலுமினிய குக்கர் சூடேறாது. சின்ன மின்சார ரைஸ் குக்கர் எடுத்துப் போவது புத்திசாலித்தனம்.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் எடுத்துப் போகலாம். ஐரோப்பிய யூனியனுக்குள் வெளிநாட்டில் இருந்து இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுபோகத் தடை. அதனால் நெய், பால்கோவா வேண்டாம். சான்றிதழ் இல்லாமல் மாம்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும்கூடக் கூடாது. மே மாதம் என்றதும் பையில் நாலு பங்கனப்பள்ளி போடத் தோன்றும், போடாதீர்கள்.

நெய்க்கு அங்கேயே வழி உண்டு. புல் மேய்ந்த மாட்டின் பாலில் எடுத்த அயர்லாந்து வெண்ணெய் நல்ல மஞ்சளாக இருக்கும். கடையில் வாங்கி வீட்டிலேயே உருக்கிவிடலாம். பருப்பு, அரிசி, மசாலாவை டப்ளின் இந்தியக் கடைகளில் வாங்கிக்கொண்டு ரயில் ஏறுங்கள்.

சைவக்காரர்களுக்கு சோடா ரொட்டி, காய்கறி சூப், ஓட்ஸ் கஞ்சி, உருளைக்கிழங்கு என்று வயிறு நிறையும். சூப் எந்த 'ஸ்டாக்'கில் செய்தது என்று மட்டும் கேளுங்கள். அந்த ஊர்க் காலை உணவில் வரும் 'பிளாக் புட்டிங்' இனிப்பு அல்ல, பன்றி ரத்தத்தில் செய்வது. சைவம் என்பதை அறை பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள்.

அந்தப் பச்சைக்குப் பின்னால்

டிங்கிள் பக்கம் போகும்போது, மலைச்சரிவுகளில் சீப்பு இழுத்த மாதிரி வரிவரியாக மேடு பள்ளம் தெரியும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு நட்ட பாத்திகள் அவை. பல இடங்களில் அதன்பின் யாரும் நடவில்லை.

1845-ல் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. குளிரிலும் ஈரத்திலும் பரவும் நோய் அது. பச்சையைத் தரும் அதே மழைதான் அதையும் பரப்பியது. அந்தக் கிழங்கை மட்டுமே நம்பியிருந்த ஏழைக் குடியானவர்களில் சுமார் 10 லட்சம் பேர் அடுத்த சில ஆண்டுகளில் மாண்டார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறிப் போனார்கள். அதே ஆண்டுகளில் தானியமும் கால்நடையும் அயர்லாந்தில் இருந்து ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன. 1841-ல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த தீவின் மக்கள்தொகை இன்றும் ஏறத்தாழ 70 லட்சம்தான். கூரை இல்லாமல் நிற்கும் கல் வீடுகளில் பலவற்றுக்கு இந்தக் கதைதான்.

நமக்கு இது அந்நியமான கதை அல்ல. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம், அதே பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் நம் ஊர்களைக் காலி செய்தது. சென்னையின் பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான்.

இன்று அந்த நிலமெல்லாம் யாரோ ஒரு விவசாயியின் பிழைப்பு. அழகாக இருக்கிறதே என்று வேலி தாண்டிப் படம் எடுக்கப் போகக் கூடாது. குறியிட்ட நடைபாதையில் மட்டும் நடக்க வேண்டும். வழியில் உள்ள கேட்டைத் திறந்தால் மறக்காமல் மூட வேண்டும். பிள்ளைகளை ஆடுகளின் பின்னால் ஓட விடக் கூடாது. ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 112.

பணம் கட்டும் முன் ஒரு வேலை

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உட்காருங்கள். ஆளுக்கு ஒரே ஒரு ஆசை சொல்ல வேண்டும். சின்னவளுக்குக் குதிரை வண்டி, பெரியவனுக்குக் கடலோரச் சாலை, அம்மாவுக்கு ஒரு நாள் முழுக்க சமையல் இல்லாமல் ஏரிக்கரை, தாத்தாவுக்கு அந்தப் பழைய பண்ணை, பாட்டிக்கு எதுவும் செய்யாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மழை பார்ப்பது என்று வரலாம்.

ஐந்து பேர், ஐந்து ஆசை, ஏழு நாள். மிச்சம் இரண்டு நாளில் எதையும் எழுதாதீர்கள். மழை அதிகமாகி ஏதாவது ஒன்று தள்ளிப்போனால் அதற்கு அந்த நாட்கள் இருக்கும். தள்ளிப்போகவில்லை என்றால், யாருடைய ஆசையை இரண்டாம் முறை செய்வது என்று அங்கே போய்ச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.